வீடும் வீதியும்: நின்ற வண்டியைக் கிளப்பாதீர்கள்!

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளுக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. குடைகளை எடுத்து விரித்துப் பார்க்கிறோம். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கிற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்கிறோம். மொட்டை மாடிக் குழாயை அடைத்திருக்கும் சருகை ஆள் வைத்து எடுக்கிறோம். வீட்டுப் பத்திரமும் பாங்குப் புத்தகமும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளும் பரண்மேல் ஏறிவிடுகின்றன. நாலு நாளைக்கு வேண்டிய பால் பவுடர், அரிசி, பருப்பு, பாட்டிக்கு வேண்டிய மாத்திரை எல்லாம் வந்துவிடுகின்றன.

வாசலில் நிற்கும் காரைப் பற்றி மட்டும் யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்கு அடுத்தபடியாக, பல குடும்பங்களில் அதுதான் விலை உயர்ந்த சொத்து. இன்னும் மூன்று வருஷத் தவணை பாக்கி இருக்கும். ஆனாலும், "மழைக்கு நனையாமல் போகத்தானே கார் வாங்கினோம்? அதையும் மழையிலிருந்து காப்பாற்ற வேண்டுமா?" என்று கேட்கிறவர்களே அதிகம்.

மேலே விழும் மழையிலிருந்து காப்பாற்ற வேண்டாம்தான். கீழே தேங்கும் தண்ணீரிலிருந்து காப்பாற்றியே ஆகவேண்டும். அதைவிட முக்கியமாக, தண்ணீரில் நின்றுபோன காரை நம் கையிலிருந்தே காப்பாற்ற வேண்டும். மழைத் தண்ணீரால் பாழாகும் எஞ்சின்களில் பல, தண்ணீர் புகுந்த கணத்தில் பாழாவதில்லை. நின்றுபோன வண்டியை, "எங்கே, இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று மறுபடி கிளப்புகிறோமே, அப்போதுதான் பாழாகின்றன. இந்த வாரம் சொல்ல வந்த சங்கதி இதுதான்.

"கார் சமாசாரம் நமக்கெதற்கு? அது அவர் பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று நம் வாசகிகளில் எத்தனையோ பேர் தாங்களே ஓட்டுகிறார்கள். ஓட்டாதவர்களும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து ஆசனத்தில்தான் உட்காருகிறார்கள். சாவியை நோக்கிப் போகும் கையைத் தடுக்கக்கூடிய தூரத்தில் இருப்பவர் அவர் ஒருவரே.

எஞ்சினும் மூச்சு விடுகிறது

கார் பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது பெட்ரோலிலும் காற்றிலும் ஓடுகிறது. அடுப்பு எரியக் காற்று வேண்டும் அல்லவா? அதைப் போலத்தான். எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற குழல்கள் இருக்கின்றன. சாதாரண வண்டிகளில் மூன்று அல்லது நான்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் பிஸ்டன் என்ற ஓர் உருளை மேலும் கீழும் போய் வருகிறது. கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அந்தக் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்றில் பெட்ரோல் எரிகிறது. எரிந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிறகு புகை சைலன்ஸர் வழியாக வெளியே போகிறது.

எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 33 தடவை ஏறி இறங்குகிறது. வேகமாக ஓடும் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் காற்றை இழுக்கும். அந்தக் காற்றுக்கு ஒரு வாசல் வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த வாசல் பானெட்டுக்கு அடியில், முன்விளக்கின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து ஏர் பில்டர் வழியாகக் காற்று உள்ளே போகிறது. பில்டர் தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. காகிதத்தால் ஆனது, நனைந்தால் துவண்டுவிடும்.

அந்த வாசல் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டால் என்ன ஆகும்? காற்றை இழுத்த அதே வேகத்தில் எஞ்சின் தண்ணீரை இழுத்துவிடும்.

காற்றை அமுக்கலாம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள், ஓரளவு போகும். அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அமுக்கிப் பாருங்கள். அசையாது. தண்ணீர் அமுங்காத வஸ்து. மேலே ஏறிவரும் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் தலைக்கும் நடுவே தண்ணீர் சிக்கிக்கொண்டால், பிஸ்டன் போக வழியில்லை. ஆனால் கீழேயிருந்து அதைத் தள்ளுகிற சக்தியோ நிற்கவில்லை. நடுவில் இருப்பது கனெக்டிங் ராட் என்ற இரும்புத் தண்டு. அது வளைகிறது, அல்லது ஒடிகிறது. ஒடிந்த துண்டு எஞ்சினின் சுவரையே பொத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. மெக்கானிக்குகள் இதை 'ஹைட்ரோலாக்' என்பார்கள்.

இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 1,200 சி.சி. உள்ள நான்கு சிலிண்டர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகு மிஞ்சுகிற இடம், பத்தில் ஒரு பங்காக அமுக்கும் எஞ்சினில், 33 சி.சி.தான். குழந்தைக்கு மருந்து புகட்டுகிறோமே பாலாடை, அதில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பாலாடைத் தண்ணீர்! தெருவே ஆறாக ஓடும்போது, எஞ்சினைக் கொல்ல இரண்டு பாலாடை போதும். டீசல் எஞ்சின் காற்றை இன்னும் இறுக்கமாக, பதினாறில் ஒரு பங்குக்கு அமுக்குவது. அதில் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. ஆகவே அபாயம் அதிகம். "எங்களுடையது பெரிய டீசல் வண்டி, ஒன்றும் ஆகாது" என்று மார் தட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை!"

வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது தண்ணீர் புகுந்தால், பல சமயம் எஞ்சின் மூச்சுத் திணறித் தானாகவே நின்றுவிடும். அது அதிர்ஷ்டம். உள்ளே ஒன்றும் வளைந்திருக்காது. பில்டரிலும் காற்றுக் குழாயிலும் தண்ணீர் நிற்கும். ஒரு சிலிண்டரில் கொஞ்சம் புகுந்திருக்கலாம். இந்த நிலையில் வண்டியை அப்படியே விட்டால், அதிகச் செலவில்லாமல் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் விடுகிறோமா? எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான். அவர் ஓட்டுகிறார். பக்கத்தில் அவள். பின்னால் மாமியாரும், மடியில் தூங்கும் குழந்தையும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழி. தெருமுனையில் முழங்கால் தண்ணீர். "நேற்றுக்கூட இதில்தான் போனேன்" என்று இறக்குகிறார். பாதி தூரத்தில் வண்டி இருமுகிறது, நிற்கிறது. பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

"என்னங்க, விட்டுடுங்க. இறங்கி ஓரமாப் போயிடலாம்."

"நீ சும்மா இரு. ஒரே ஒரு தடவை... இதோ, எடுத்துடும்."

"ஏண்டா, குழந்தை நனைஞ்சுடுமேடா!" என்கிறார் பின்னாலிருந்து அம்மா.

சாவி திரும்புகிறது. கர்ர்... என்று ஒரு சத்தம். மறுபடி திரும்புகிறது. 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. பில்டரில் நின்ற தண்ணீரை முதல் தடவை இழுத்து உள்ளே விட்டாயிற்று. இரண்டாவது தடவை தண்டு வளைந்தாயிற்று. அதுவரை பில்டர் மாற்றி, ஆயில் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய செலவு, எஞ்சினையே இறக்கிப் பிரிக்கிற செலவாகிறது. ஆயிரங்களில் நிற்க வேண்டியது லட்சத்தைத் தொட்டுவிடுகிறது.

இன்னொரு ரகமும் உண்டு. தண்டு லேசாக வளைந்திருக்கும், வண்டி கிளம்பிவிடும். "பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்று அவர் பெருமையோடு வீடு வந்து சேருவார். வளைந்த தண்டு அப்படியே சில வாரங்களோ மாதங்களோ ஓடும். ஒருநாள், மழையே இல்லாத நல்ல வெயிலில், ஜி.எஸ்.டி. சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒடியும். அப்போது இந்த மழை யாருக்கும் நினைவிருக்காது.

அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வண்டி நின்றால் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது கைக்குப் பழகிய காரியம். சிக்னலில் நின்றால் கிளப்புகிறோம். பள்ளத்தில் இறங்கி நின்றால் கிளப்புகிறோம். தண்ணீரில் நின்றால் மட்டும் கிளப்பக் கூடாது என்று கைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் உண்டு. ஹாரன் சத்தத்துக்கு நடுவே சொன்னால் சண்டைதான் வரும்.

நின்றுவிட்டால் செய்ய வேண்டியது

முதலில், சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியானால், விளக்குகள் அணையும்படி அதை முழுவதும் நிறுத்திவிடுங்கள். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் ஏற்பாடு சில புதிய கார்களில் இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்பே அந்த ஏற்பாட்டை அணைத்துவிட வேண்டும். நாம் கிளப்பாவிட்டாலும் அது கிளப்பிவிடக்கூடும்!

இரண்டாவது, மனிதர்கள் இறங்குங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏறவில்லையானால், நியூட்ரலில் போட்டு நாலு பேர் தள்ளி மேட்டில் சேர்க்கலாம். தள்ளும்போது கியர் போட்டுக் கிளப்பப் பார்க்கிறார்களே, அது சாவியைத் திருப்புவதற்குச் சமம். கூடவே கூடாது. தள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத சாக்கடைக் குழி இருக்கலாம். ஒரு கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு அடி வையுங்கள். மின்சாரப் பெட்டிக்கும் தெருவிளக்குக் கம்பத்துக்கும் பக்கத்தில் போகவேண்டாம்.

மூன்றாவது, மேட்டுக்கு வந்த பிறகும் பொறுமை. பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றத் தெரிந்தால் கழற்றிவிடுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து எழுத்து மூலமாகவும் தெரிவியுங்கள். பிறகு, இழுத்துச் செல்லும் வண்டி வரும்வரை காத்திருங்கள். முன்சக்கரங்களையோ முழு வண்டியையோ தூக்கி ஏற்றிக்கொண்டு போவது நல்லது. ஆட்டோமாடிக் கியர் வண்டியைக் கயிறு கட்டித் தரையில் உருட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்கிறார்கள் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு மரியாதை தனி. நல்ல மெக்கானிக் வண்டியைப் பார்த்தவுடன் 'செல்ப்' அடிக்கமாட்டார். முதலில் ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பார். அது காய்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். டீசல் வண்டியில் பிளக்குக்குப் பதில் இன்ஜெக்டரையோ க்ளோ பிளக்கையோ கழற்ற வேண்டும். அடுத்தது ஆயில். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆயிலில் எஞ்சினை ஓட்டக் கூடாது. ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றி, சிறிது ஓட்டி, மறுபடியும் மாற்றுவார்கள். கியர் பெட்டி ஆயில், பிரேக் ஆயில் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஆசனம் வரை வந்திருந்தால் எஞ்சினோடு கதை முடியாது. இக்காலத்துக் கார்களில் கம்பளத்துக்கு அடியிலும் ஆசனத்துக்கு அடியிலும் ஒயர்களும் மின்னணுப் பெட்டிகளும் ஓடுகின்றன. காற்றுப் பைக்கு உத்தரவு கொடுக்கும் பெட்டியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கம்பளத்தை எடுத்துக் காயவைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். ஒயர் முனைகள் துருப் பிடிக்கும். மேலே துடைத்து, வாசனைத் திரவியம் தெளித்து அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பழகிய தவறுகள்

"முதல் கியரில் போட்டு, அரைக் கிளட்சில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதி, சைலன்ஸரில் தண்ணீர் ஏறாது." இந்த உபதேசத்தைச் செய்யாத மாமாவே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் புகை அழுத்தமே பெரும்பாலும் சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளும். முதல் கியர் சரி. மெதுவான, நிற்காத, ஒரே சீரான ஓட்டம் சரி. ஆனால் மிதிக்க மிதிக்க எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கிறது. வாசலுக்கு அருகே தண்ணீர் அலையடிக்கும்போது அதிகமாக இழுப்பது நல்லதா? அரைக் கிளட்சில் கிளட்சும் தேய்ந்துபோகும்.

"வேகமாகப் போய்க் கடந்துவிடலாம்." வேகம் கூடினால் வண்டிக்கு முன்னால் அலை எழும்புகிறது. அலையின் உயரம் தண்ணீரின் உயரத்தைவிட அதிகம். முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் பானெட் மேல் ஏறுவது இதனால்தான். நடக்கிற வேகத்தில் போகவேண்டும்.

"பஸ்ஸுக்குப் பின்னாலேயே போகலாம்." பஸ்ஸின் உயரம் வேறு, உங்கள் வண்டியின் உயரம் வேறு. எதிரே வரும் பஸ்ஸும் லாரியும் தள்ளிவிடும் அலை, அசையாமல் நிற்கும் காரின் காற்று வாசலில் கூடப் புகும். ஆகவே, எதிர் வண்டி போகும்வரை மேட்டிலேயே நின்றுவிடுவது புத்திசாலித்தனம்.

"மின்சாரக் காருக்குப் பயமே இல்லை." அதற்கு மூச்சு வாசல் இல்லை, ஹைட்ரோலாக் வராது. வாஸ்தவம். பல வண்டிகளின் பாட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 என்ற தரம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கும் என்பது அதன் பொருள். அது பாட்டரிப் பெட்டிக்கான சோதனை. மற்ற ஒயர்களுக்கும் ஆசனங்களுக்கும் அல்ல. மிதக்கிற விஷயத்தில் மின்சாரக் காருக்கும் மற்றக் காருக்கும் வித்தியாசம் கிடையாது.

எவ்வளவு ஆழம் வரை போகலாம்? சுலபமான அளவுகோல் சக்கரம். சாதாரணக் காரின் டயர் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம். முன்னால் போகும், உங்கள் வண்டி மாதிரியான காரைப் பாருங்கள். தண்ணீர் பாதிச் சக்கரத்தைத் தொட்டால் அதற்கு மேல் உங்கள் வழி இல்லை. பார்க்க வண்டி எதுவும் இல்லையானால், பிளாட்பாரத்தைப் பாருங்கள். பிளாட்பாரத்தின் விளிம்பு தெரியாமல் மூழ்கியிருந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீரைக் கடந்து வந்த பிறகு, பிரேக்கை நாலைந்து தடவை லேசாக மிதித்து உலரவிட மறக்கவேண்டாம்.

சுரங்கப்பாதையில் ஜாக்கிரதை

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். இனி உயிரைப் பற்றி.

தெருவில் தேங்கும் தண்ணீரின் ஆழத்தை ஊகிக்கலாம். சுரங்கப்பாதையில் முடியாது. சாலை கீழே இறங்குகிறது. தண்ணீரின் மேல்மட்டமோ சமமாகவே இருக்கிறது. இறங்கும் இடத்தில் கணுக்கால் அளவு. நடுவில் ஆள் உயரம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் அது ஈரமான சாலை மாதிரியே பளபளக்கும்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழை நீரில் கார் சிக்கி, அதை ஓட்டி வந்த பெண் டாக்டர் ஒருவர் உயிரிழந்தார். 2023 மே மாதம் பெங்களூரில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் குடும்பத்தோடு வாடகைக் காரில் வந்த இளம் பெண் ஒருவர் இறந்தார். 2024 செப்டம்பரில் டில்லிக்கு அருகே பரீதாபாதில், ரயில்வே சுரங்கப்பாதையில் மூழ்கிய காரில் வங்கி ஊழியர்கள் இருவர் மாண்டார்கள். மூன்றும் ஆற்றிலோ ஏரியிலோ நடக்கவில்லை. தினமும் எத்தனையோ பேர் போய்வரும் சாலைகள்.

வண்டி நின்றால் இறங்கி வந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கதவைத் திறக்க முடிந்தால் அல்லவா! கதவுக்கு வெளியே 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் அகலமுள்ள கதவை அது சுமார் 180 கிலோ எடையால் அழுத்தும். இரண்டு பெரிய மூட்டை அரிசியைக் கதவில் சாத்தி வைத்த மாதிரி. உள்ளேயிருந்து யாரால் தள்ள முடியும்? அதுமட்டுமல்ல, 30 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே பல கார்கள் மிதக்கத் தொடங்கிவிடும். 60 சென்டிமீட்டர் ஓட்டமுள்ள நீர் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போகும்.

ஆகவே, நின்ற மறுகணமே பெல்ட்டைக் கழற்றுங்கள், ஜன்னலை இறக்குங்கள். மின்சார ஜன்னல் தண்ணீரில் மூழ்கிய பிறகும் சிறிது நேரம் வேலை செய்யும் என்றாலும், அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஜன்னல் வழியாகக் குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். பிறகு நீங்கள். கைப்பையும் பட்டுப் புடவைப் பெட்டியும் இருக்கட்டும். ஜன்னல் திறக்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடிக்க வேண்டும். முன்கண்ணாடி சுலபத்தில் உடையாது. இதற்கென்றே சிறு சுத்தியல் கடையில் கிடைக்கிறது. டிரைவருக்குக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்துப் பயனில்லை. உதவிக்கு 112-ஐ அழைக்கலாம். சென்னையில் தேங்கும் நீரைப் பற்றி மாநகராட்சிக்குத் தெரிவிக்க 1913.

பாலிசியை இன்றைக்கே படியுங்கள்

இன்ஷூரன்ஸ் காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது பீரோவுக்குத்தான் தெரியும். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை மட்டுமே. அது நம்மால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கு. நம் வண்டி வெள்ளத்தில் கெட்டால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்த முழுப் பாலிசி இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு வழியுண்டு.

ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நேரடியாக வெள்ளத்தால் வந்த சேதம் வேறு. அதன் பின்விளைவாக வந்த சேதம் வேறு என்பது கம்பெனிகளின் வாதம். ஆசனம் நனைந்தது வெள்ளத்தால். எஞ்சின் தண்டு வளைந்தது, தண்ணீரில் நின்ற வண்டியை நீங்கள் கிளப்பியதால்! சர்வேயர் வந்து வளைந்த தண்டைப் பார்த்தால், கேட்கும் முதல் கேள்வியே அதுதான். இதற்காகவே 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பாலிசியை விற்கிறார்கள். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பிரீமியம் வீண்செலவல்ல. அதிலும் நிபந்தனைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும்போதே படித்துப் பாருங்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குச் சாதாரணப் பாலிசியில் பாதி விலைதான் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடாத வண்டிக்கும் ஆபத்து

தெருவில் இறங்காமல் வீட்டிலேயே நிற்கும் வண்டி பிழைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாற்றங்கரைக் குடியிருப்புகளில் நிறுத்திய இடத்திலேயே வண்டிகள் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதை ஊரே படத்தில் பார்த்தது.

பட்ட பிறகு புத்தி வந்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிட்டன. பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால், ஒரு தடவை வண்டியை முழுகக் கொடுத்த குடும்பத்துக்குத்தானே அந்த மேம்பாலத்தின் அருமை தெரியும்? உங்கள் பேட்டையிலும் மேடான இடம் ஒன்று இருக்கும். உறவினர் வீடோ, கோவில் தெருவோ, பல மாடி வண்டி நிறுத்தமோ, எதுவானாலும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு அடியில் நிறுத்துமிடம் உள்ள குடியிருப்பானால், மழை பிடிக்கும் முன்பே வண்டியை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். தண்ணீர் புக ஆரம்பித்த பிறகு காரை எடுக்கக் கீழே ஓடாதீர்கள். எந்தக் காரும் அதற்குத் தகுதியானதல்ல.

முழுகிய வண்டியைக் கண்டவுடன், "கெட்டுப் போச்சா, ஓடுதா பார்க்கலாம்" என்ற சபலம் வரும். தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சொன்ன அதே விதிதான் இதற்கும். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த விஷயம் ஒன்று. வெள்ளத்துக்குப் பிறகு, முழுகி எழுந்த வண்டிகள் பளபளவென்று துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. பழைய கார் வாங்கப் போகும்போது, ஆசனப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நடுவில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா, ஆசனத்தின் அடியில் உள்ள போல்ட்டுகள் துருவேறியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு மூக்கால் ஒரு தடவை சோதியுங்கள். ஈரத் துணியை மடித்து வைத்த வாடை உங்களுக்குத் தெரியாததா?

கடைசியாக ஒரு யோசனை. இன்று சாயந்திரம் காப்பி ஆற்றிக் கொடுக்கும் நேரத்தில் பேச்சை எடுங்கள். "தண்ணியிலே வண்டி நின்னா, யார் ஓட்டினாலும் சரி, மறுபடி கிளப்பறதில்லே" என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கையில் ஸ்டியரிங் இருக்கும் நாளில் அது உங்களையும் கட்டும். ஒரு சின்னக் காகிதத்தில் 'நின்றால் கிளப்பாதே' என்று எழுதிச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பக்கத்திலிருந்து சொன்னால் "நீ சும்மா இரு" என்பவர்கள்கூட, காகிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாதல்லவா?